கிராம்சியின் ஆறு படிகளும் ஒரு பழைய செக்ரோல் புத்தகமும்

தோட்டத் தொழிலாளரின் பங்குப் பணத்தில் தோட்டம் வாங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை, அடித்தட்டு மக்களின் வரலாற்றுக்குக் கிராம்சி வகுத்த ஆறு படிகளில் எந்தப் படியில் எழுதுவது என்று நெடுநாளாக இழுபறியாக இருந்த சிக்கல் ஒருவழியாக அவிழ்ந்துவிட்டது. இத்தாலியச் சிந்தனையாளர் கிராம்சி சிறைக்காலத்தில் எழுதிய இருபத்தைந்தாம் குறிப்பேட்டை வைத்து மலேசியாவில் நம் தோட்ட மக்களின் வரலாற்றை வரிசைப்படுத்த முயல்பவர்கள் என்னைப் போலவே நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் இடையில் சிக்கியிருப்பார்கள் என்று நம்புவதால், அது அவிழ்ந்த விதத்தை விரிவாக எழுதுகிறேன்.

இந்த வாசிப்பு எப்படித் தொடங்கியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு அருகே நான் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, வேலை பார்த்த தோட்டம் கைமாறியபோது அலுவலகத்தை மூடிவிட்டார்கள். அதே ஆண்டில் முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சையும் நடந்தது. கையுறைத் தொழிற்சாலையில் மனைவி வாங்கிய சம்பளத்தில் வீடு ஓடியது. படுத்த படுக்கையாய்க் கிடந்த அந்த மாதங்களில், கல்லூரிப் படிப்பை முடித்த மகள் விட்டுச் சென்ற பெட்டியில் சிறைக் குறிப்பேடுகளிலிருந்து தொகுக்கப்பட்ட 1971ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பு இருந்தது. அந்தோனியோ கிராம்சியை அதற்கு முன் பெயரளவில்கூட நான் அறிந்ததில்லை. அதன் நீண்ட முன்னுரையில் இருந்த வாழ்க்கைக் கதையை முதலில் படித்தேன். தத்துவம் பிறகுதான் வந்தது.

1891இல் சார்டினியத் தீவில் பிறந்தவர்; சிறு வயதிலேயே முதுகு வளைந்துபோனவர்; தந்தை சிறைக்குப் போனதால் பதினோரு வயதில் பள்ளியை நிறுத்திவிட்டு அலுவலகத்தில் கனமான பதிவேடுகளைத் தூக்கிச் சுமந்தவர். அலுவலகப் பதிவேட்டின் கனம் எனக்குத் தெரியும் என்பதால் அந்த வரியில் நெடுநேரம் நின்றுவிட்டேன். உதவித்தொகை பெற்று 1911இல் தூரின் நகரப் பல்கலைக்கழகம் போனார், பத்திரிகை எழுத்தாளரானார், 1919, 1920இல் தொழிற்சாலைத் தொழிலாளர் அவைகளுக்காக எழுதினார், 1924இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1926 நவம்பரில் முசோலினியின் அரசு அவரைக் கைது செய்தது. 1928இல் கிடைத்த தண்டனை இருபது ஆண்டு, நான்கு மாதம், ஐந்து நாள். எழுத அனுமதி கிடைத்து, தூரி என்ற ஊரின் சிறையில் 1929 பிப்ரவரி 8ஆம் தேதி முதல் குறிப்பேட்டைத் திறந்தார். உறக்கமின்மை, முதுகெலும்புக் காசநோய், இரத்த வாந்தி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு 1935 வரை எழுதிய குறிப்பேடுகள் மொத்தம் 33. அவற்றுள் நான்கு மொழிபெயர்ப்புப் பயிற்சிகள். 1932இல் தாயார் இறந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை. தாய்க்கு அவர் தொடர்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். முழு விடுதலை பெற்ற சில நாள்களிலேயே, 1937 ஏப்ரல் 27 அன்று, ரோமாபுரி மருத்துவமனை ஒன்றில் உயிர் பிரிந்தது. குறிப்பேடுகளைக் காப்பாற்றியவர் மனைவியின் அக்காள் தத்தியானா.

இனி வேலைக்கு வருகிறேன். இருபத்தைந்தாம் குறிப்பேடு மிகச் சிறியது. 1934இல் ஃபோர்மியா மருத்துவமனையில் காவலில் இருந்தபோது எழுதியது. அடித்தட்டு மக்களின் வரலாற்றை எழுதுபவர் ஆராய வேண்டியவற்றை அதில் ஆறு படிகளாக வகுக்கிறார். உற்பத்தி முறையில் நேர்ந்த மாற்றத்தால் அம்மக்கள் உருவான விதம் முதலாவது. ஆளும் தரப்பின் அமைப்புகளோடு அவர்கள் விரும்பியோ விரும்பாமலோ சேர்ந்து, தங்கள் கோரிக்கைகளை அங்கே நுழைக்கப் பார்ப்பது இரண்டாவது. அவர்களது சம்மதத்தைத் தக்கவைக்கவும் கட்டுக்குள் வைக்கவும் ஆளும் தரப்பு புதிதாக உண்டாக்கும் அமைப்புகள் மூன்றாவது. வரம்புக்குட்பட்ட, பகுதியளவான கோரிக்கைகளுக்காக மக்கள் தாமே அமைப்பவை நான்காவது. பழைய சட்டகத்துக்குள்ளேயே தன்னுரிமையை நிலைநாட்டும் அமைப்புகள் ஐந்தாவது. முழுமையான தன்னுரிமையை நிலைநாட்டுபவை ஆறாவது.

தோட்ட அலுவலகம் மூடியபோது வெறும் தாளாகக் கிடந்த ஒரு செக்ரோல் புத்தகத்தை, அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டை, எடுத்து வந்திருந்தேன். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் நாள்வாரிக் கட்டங்கள். பெயர் எழுதும் இடத்தில் நிகழ்ச்சியையும், கட்டங்களை ஆறாகச் சேர்த்துக் கோடிட்டு ஆறு படிகளையும் வைத்துக்கொண்டேன். பேர் போட்டுப் பழகிய கைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறு கிடையாது.

முதல் படி எளிதாகவே நிரம்பியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியது, 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது, கங்காணிமார் ஊர் ஊராகச் சென்று ஆள் கட்டி வந்தது, 1930களின் தொடக்கத்தில் விலை சரிந்தபோது பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டது, 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடுத்தது ஆகியவை நாம் அனைவரும் படித்தவைதாம். இரண்டாவதில் 1936இல் தோன்றிய மலாயா மத்திய இந்தியர் சங்கம், 1946இல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரஸ். மூன்றாவதில், 1948க்குப் பிறகு அரசின் தொழிற்சங்க ஆலோசகர் மேற்பார்வையில் வளர்ந்த சங்கங்கள். இவற்றுள் பல இணைந்துதான் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அச்சங்கம் பெற்றுத் தந்த சம்பள உயர்வை யாரும் மறுக்க முடியாது. அதனால் அதை நான்காம் கட்டத்திலும் எழுத வேண்டியிருக்கிறது என்ற உறுத்தல் அப்போதே தொடங்கிவிட்டது.

நான்காம் படியில்தான் நான் பல மாதங்கள் தங்கிவிட்டேன். அதற்குக் காரணம் 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம். தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வு இருக்கிறது, கள்ளுக்கடையை மூடுவது இருக்கிறது, பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது. இவற்றோடு ஒன்றாக, துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. மே மாதத்தில் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், படை இறக்கப்பட்டது, தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள்.

சைக்கிளைப் பற்றிய அந்த ஒரு வரியைச் சின்ன விஷயம் என்று பலர் தாண்டிப் போகிறார்கள். அப்படித் தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதிகாரம் என்பது போலீசும் சிறையும் மட்டுமன்று, ஆளப்படுபவர்களின் அன்றாடச் சம்மதத்திலும் அது நிற்கிறது என்று கிராம்சி குறிப்பேடுகள் முழுவதும் சொல்லிக்கொண்டே போகிறார். தோட்டத்துச் செம்மண் சாலையில் அந்தச் சம்மதம் ஒவ்வொரு நாளும் புதுப்பிக்கப்பட்ட இடம் சைக்கிளின் மிதிகட்டை. எங்கள் ஊர் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தொண்ணூறை நெருங்கும் ரப்பர் பால்வெட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதைக் கேட்டபோது எழுந்து நின்று செய்தே காட்டினார். இடது காலை ஊன்றி, வலது காலைப் பின்பக்கமாகச் சுழற்றி இறக்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, கைப்பிடியை இரு கையாலும் பற்றிக்கொண்டு ஓரமாக ஒதுங்கும் அந்த அசைவு, தம் அப்பா செய்வதைச் சிறுவனாகப் பார்த்து அவர் உடம்பில் பதிந்துபோனது. "கார் போனதுக்கு அப்புறமும் உடனே ஏற மாட்டாரு, கிராணியார் தம்பி, தூசி அடங்கணும்" என்றார். கிராணி என்ற அந்த விளி என் மீதும் படுகிறது என்பதை உணர்ந்தபடியேதான் அதை எழுதிக்கொண்டேன்.

இதை எந்தக் கட்டத்தில் போடுவது? கோரிக்கை பகுதியளவானதே, ஆகவே நான்கு. ஆனால் எவர் முன்னும் இறங்க மாட்டேன் என்று சொல்வது தன்னுரிமையை நிலைநாட்டுவது அல்லவா? அப்படியானால் ஐந்து. கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்திலிருந்து கிளம்பி 1947இல் கள்ளுக்கடைகளை மறித்த தொண்டர் படைக்கும் இதே கேள்வி எழுந்தது. அதன் பிறகு கூட்டுறவுச் சங்கம் வந்தது. ஐரோப்பியத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுக் குடும்பங்கள் தெருவுக்கு வந்த காலத்தில், எங்கள் ஊர்க்காரரான வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கிய சங்கம் அது. அவர் அமைச்சர், ஆளும் கூட்டணியின் தலைவர்களுள் ஒருவர். எனவே இரண்டாம் படி. ஆனால் பங்குப் பணம் பால்வெட்டுத் தொழிலாளியின் கூலியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அந்தப் பணத்தில் வாங்கியது தோட்டம். எனவே நான்கோ ஐந்தோ. ஒரு பேருக்கு ஒரு கட்டத்தில்தான் குறி போட முடியும் என்பது செக்ரோலின் சட்டம். அந்தச் சட்டம் இங்கே உதவவில்லை.

வழியைக் காட்டியது கிராம்சியின் குறிப்பேட்டுப் பழக்கம்தான். 1975இல் வாலென்தீனோ ஜெரத்தானா வெளியிட்ட இத்தாலியப் பதிப்பு, குறிப்புகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது: பின்னால் திருத்தி எழுதப்பட்ட முதல் வரைவுகள், ஒரே முறை எழுதப்பட்டவை, திருத்தி எழுதப்பட்டவை. முதல் வரைவைக் கிராம்சி கிழித்தெறியவில்லை, அழிக்கவும் இல்லை. எழுத்து தெளிவாகத் தெரியும்படி குறுக்கே மெல்லிய கோடுகளை மட்டும் இழுத்துவிட்டு, வேறொரு குறிப்பேட்டில் புதிதாக எழுதினார். ஆறு படிகளும் முதலில் மூன்றாம் குறிப்பேட்டில் 90ஆம் குறிப்பாக இருந்தவை. ஆண்டுகள் கழித்து இருபத்தைந்தாம் குறிப்பேட்டில் 5ஆம் குறிப்பாக வந்தன. இரண்டையும் அருகருகே விரித்து வைத்துப் படித்தபோதுதான், பட்டியலுக்கு அடுத்து வரும் வரிகளின் முழுப் பொருள் எனக்கு விளங்கியது. இந்தப் படிகளை இன்னும் நுட்பமாகப் பிரிக்கலாம், இடைப்படிகள் உண்டு, பல படிகள் ஒன்றோடொன்று கலப்பதும் உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். அடித்தட்டு மக்களின் வரலாறு இயல்பாகவே துண்டு துண்டாகக் கிடக்கிறது, ஆகவே அவர்கள் தாமாக முனைந்த ஒவ்வொரு தடயமும் விலைமதிப்பற்றது என்று அதே குறிப்பேட்டின் 2ஆம் குறிப்பு சொல்கிறது. அப்படியானால் கட்டங்கள் நிகழ்ச்சியை அடைத்து வைப்பதற்கானவை அல்ல. ஒரே நிகழ்ச்சிக்குள் எந்த இழை எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக் காட்டுவதற்கானவை.

இப்போது செய்வது இதுதான். செக்ரோலில் இருக்கும் பழைய வரியின் மேல் குறுக்குக் கோடு இழுத்துவிட்டு, தனி நோட்டில் அந்த நிகழ்ச்சியை இழை இழையாகப் பிரித்துத் திரும்ப எழுதுகிறேன். கூட்டுறவுச் சங்கத்துக்கு மூன்று பத்திகள் வந்தன. தலைமையும் அரசியல் இணைப்பும் இரண்டாம் படி. துண்டாடலுக்கு எதிரான தற்காப்பு நான்காம் படி. கூலிக்காரர் நில உடைமையாளரின் அவையில் உறுப்பினராக உட்கார்ந்தது ஐந்தாம் படியின் தொடக்கம். சைக்கிள் கோரிக்கைக்கும் அதே முறை. பேனா விஷயத்தில் ஒரு குறிப்பு: ஜெல் பேனா அந்தப் பழைய தாளில் மறுபக்கம் ஊறிவிடுகிறது, சாதாரண நீலப் பந்துமுனைப் பேனாவால் கைப்பாரம் கொடுக்காமல் இழுத்தால் அடியில் இருக்கும் எழுத்து கெடுவதில்லை.

புத்தகம் தேடுவோருக்கு: 1971 தொகுப்பு ஈப்போ பழைய புத்தகக் கடைகளில் எப்போதாவது கண்ணில் படுகிறது. அதில் இந்த 5ஆம் குறிப்பு இத்தாலிய வரலாற்றுப் பகுதியில் சேர்க்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் குறிப்பேட்டுக்கு ஜோசப் புட்டிஜீஜ் மொழிபெயர்த்த பதிப்பின் இரண்டாம் தொகுதி வேண்டும். இருபத்தைந்தாம் குறிப்பேடு முழுவதும் 2021இல் தனி நூலாக வந்துவிட்டது. ரிங்கிட் இருக்கும் நிலையில் இரண்டும் சேர்ந்தால் ஒரு வீட்டின் மளிகைச் செலவு ஆகிவிடுகிறது. நண்பர்கள் மூவர் சேர்ந்து வாங்கிச் சுற்றுக்கு விடுவது நல்லது. கிராம்சிக்கே அந்த உதவி கிடைத்தது. பொருளியலாளர் பியேரோ ஸ்ராஃபா மிலான் புத்தகக் கடை ஒன்றில் அவர் பெயரில் கணக்குத் தொடங்கி, கேட்ட நூல்களையெல்லாம் சிறைக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார்.

ஐந்தாம் படியில் இன்னும் பெரிய வேலை கிடக்கிறது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பதிவு 1948 ஜூனில் பறிபோனது. அதே மாதத்தில் எங்கள் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சம்மேளனத் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இங்கே ஐந்தாம் இழையையும் ஆறாம் இழையையும் பிரிக்காமல் எழுதினால் அந்தக் காலத்துத் தொழிலாளிக்கு நியாயம் செய்ததாகாது. அதை முடிக்கும் முன்னரே பன்னிரண்டாம் குறிப்பேட்டைத் திறந்துவிட்டேன். அறிவாளர்களைப் பற்றிய அந்தக் குறிப்பேட்டைக் கங்காணி, கிராணி, தோட்டப் பள்ளி வாத்தியார் ஆகிய மூவரை வைத்துப் படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. செம்பனை ஆலை வேலைக்கு, தொழிற்சாலை உழைப்பைப் பற்றிய இருபத்திரண்டாம் குறிப்பேடு காத்திருக்கிறது.

அதற்கு முன் கூட்டுறவுச் சங்கத்தின் தொடக்கக் காலப் பங்குச் சான்றிதழ் ஒன்றை நேரில் பார்க்க வேண்டும். சைக்கிள் அசைவைச் செய்து காட்டிய பெரியவரின் மைத்துனரை அடுத்த வாரம் காணப் போகிறேன். தம் தாயாரின் சான்றிதழைத் தகரப் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். 1948க்கு முந்தைய தோட்டச் சங்கத் துண்டறிக்கையோ சந்தா ரசீதோ எவர் வீட்டிலாவது இருந்தால் நகல் எடுத்து வையுங்கள். நகல் செலவையும் தபால் செலவையும் நானே தந்துவிடுகிறேன்.