ஸ்லோவில் நிற்காத வண்டி

ஜூன் 2, 2025, திங்கள்

தென்காசி பக்கத்து இலஞ்சியிலிருந்து மாமா தன் வண்டியை என் முற்றத்தில் கொண்டுவந்து சாய்த்துவிட்டுப் போயிருக்கிறார். 1998இல் வாங்கிய 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டி. "மாப்பிள்ளை, ஓட்டினால் ஓடுகிறது, நிறுத்தினால் நின்றுவிடுகிறது" என்றார். நிறுத்தினால் நிற்பதுதானே முறை என்று அத்தை கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

மாலையில் ஸ்டார்ட் செய்து பார்த்தேன். சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் விசை) போட்டால் ஒரே உதையில் உயிர் வருகிறது. சோக்கை எடுத்ததும் அணைகிறது. சூடான பிறகு கூத்தே வேறு. ஆக்சிலரேட்டரை விட்டாலும் சத்தம் இறங்காமல் சில நொடிகள் அலறுகிறது, பிறகு சட்டென்று விழுந்து செத்துவிடுகிறது. சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்லோ ஸ்க்ரூ, அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை (ஸ்லோ) ஏற்றி இறக்கும் திருகு, கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே இறங்கியிருக்கிறது. வண்டி அணைகிறது என்று மாமா சொல்லும்போதெல்லாம் யாரோ ஒருவர் அதைத் திருகி அனுப்பியிருக்கிறார். இது எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம். ஸ்லோ ஸ்க்ரூ செய்வது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டருக்குள் காற்றுவழியைத் திறந்து மூடும் சிலைடைத் தூக்கிப் பிடிப்பது மட்டுமே. அளவுக்கு மேல் தூக்கினால் இன்ஜின் ஸ்லோ ஜெட்டை (ஸ்லோவுக்கான சிறு பெட்ரோல் துளை) விட்டுவிட்டு மெயின் ஜெட்டின் (வேகத்துக்கான பெரிய துளை) ஊசி வழியாகப் பெட்ரோலை இழுக்கத் தொடங்கும். நோய் அப்படியே இருக்க, அடையாளம் மட்டும் மறையும். ஸ்லோ வழியில் சேரும் காற்றை அளக்கும் ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடிப் பார்த்தேன். இன்ஜினின் சத்தத்தில் எந்த மாறுதலும் இல்லை. ஸ்லோ வழி வேலையே செய்யவில்லை என்று அர்த்தம்.

ஜூன் 3, செவ்வாய்

கார்பரேட்டரைத் தொடும் முன் வெளியே இருப்பவை. ஏர் ஃபில்டர் சுத்தம். டேங்க் மூடியின் மூச்சுத்துளை திறந்திருக்கிறது. ஆக்சிலரேட்டர் கேபிளில் தளர்வு இருக்கிறது. ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் சத்தம் ஏறவில்லை.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை வெளுத்திருக்கிறது. காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்க வேண்டியது அது. கறுத்துப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. பெட்ரோல் குறைவாக வருகிறது, அல்லது வரக்கூடாத வழியில் காற்று வருகிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்தேன். அடியில் துருத்தூள். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். மாமா வண்டியைக் கோடை முழுவதும் ஓட்டாமலே வைத்திருந்தார். இந்த ஆண்டு கேரளத்தில் மே 24 அன்றே பருவமழை தொடங்கிவிட்டதால் இங்கும் சாரல் முந்திக்கொண்டது. பாதி காலியான டேங்குக்கு இதைவிடக் கெட்ட பருவம் வேண்டாம்.

ஜூன் 5, வியாழன்

கார்பரேட்டரை இறக்கிவிட்டேன். அதில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக மாவு போன்ற படிவு, ஓரங்களில் பச்சை. ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இருட்டு.

அதன் மேல் 35 என்று பொறித்திருக்கிறது. துளையின் விட்டம் 0.35 மில்லிமீட்டர். வண்டி நின்ற இடத்தில் உயிரோடு இருப்பதற்கான பெட்ரோல் முழுவதும் அந்தத் துளை வழியாகத்தான் வர வேண்டும். வேகமாகப் போகும்போது மெயின் ஜெட் பார்த்துக்கொள்வதால் சாலையில் குறை தெரிவதில்லை.

கம்பி விட்டுக் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை அகன்றுவிட்டால் அப்புறம் 35 என்ற எண்ணுக்குப் பொருளில்லை. கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பஞ்சர் கடையில் காற்றடித்து வாங்கினேன். ஜெட்டோடு நிறுத்தாமல் கார்பரேட்டரின் உடம்பில் சிலைடுக்கு அருகே இருக்கும் பொடித் துளைகளிலும் அடிக்கச் சொன்னேன். பலரும் விட்டுவிடுவது அந்தத் துளைகளைத்தான்.

மாட்டியதும் சோக் இல்லாமல் நிற்கிறது. ஆனால் அலறல் போகவில்லை.

ஜூன் 6, வெள்ளி

விடாத சாரல். வண்டிக்குப் படுதா போட்டாயிற்று.

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்பதால் குற்றாலம் சாலை முழுக்கக் கார்கள். வெளியே போகும் எண்ணமே வரவில்லை, நல்லதாகப் போயிற்று.

அலறலுக்குக் காரணம் திருட்டுக் காற்று என்று நினைத்தேன். கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும். ஸ்லோவில் இன்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம். அதில் இந்தக் கள்ளக் காற்று பெரும்பங்காகிவிடும். ஆக்சிலரேட்டர் பாதி திறந்தால் அதே ஓட்டை கணக்கிலேயே வராது.

இதைக் கண்டுபிடிக்கச் சிலர் சூடான இன்ஜின் மேல் பெட்ரோலைத் தெளிக்கிறார்கள். அத்தை துணிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரில் சோப்புத் தண்ணீர் போதும் என்பது என் கட்சி. வண்டியை ஓடவிட்டு இணைப்பைச் சுற்றித் தெளித்துக்கொண்டே வந்தேன். அடிப்பக்கம் தண்ணீர் பட்ட நொடியில் சத்தம் இறங்கியது. தண்ணீர் உறிஞ்சப்பட்டதும் மறுபடி ஏறியது.

கழற்றினால் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் விரிசல் விடுகிறது. கார்பரேட்டர் முகத்தின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன், நடுவே வெளிச்சம் தெரிகிறது. இரண்டு போல்ட்டையும் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் அலுமினியம் இப்படித்தான் வளையும். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்த்தேன். அவசரப்படாமல் தேய்க்க வேண்டிய வேலை. வானொலியில் ஒரு நாடகமே முடிந்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

தென்காசியில் உதிரிபாகக் கடை. "அண்ணாச்சி, பெட்ரோல் தாங்குகிற ஓ-ரிங் வேண்டும்" என்றேன். அவர் முதலில் எடுத்துத் தந்தது தண்ணீர்க் குழாய்க்கானது. பழையதைக் காட்டியதும் உள்ளே போய் நைட்ரைல் ரப்பரில் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே வரும் இன்சுலேட்டருக்கும் புது கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் தாள்) வாங்கிக்கொண்டேன். பசை தடவி ஒட்டிக்கொள்ளலாம் என்ற அவருடைய யோசனையை ஏற்கவில்லை. பிதுங்கிய பசை உள்ளே போனால் மறுபடி கழற்ற வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது டேப்பட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி, பார்த்தேன். இந்த இன்ஜினுக்கு இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி. மேக்னட்டில் (இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் சக்கரம்) பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் T குறியை நேராக நிறுத்தினாலும் அது கம்ப்ரஷன் முடிவா, எக்ஸாஸ்ட் முடிவா என்று ராக்கர் ஆடுவதை வைத்து உறுதி செய்ய வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கம் இறுக்கமாக இருந்தது, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழையவில்லை. சூடானதும் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். சூட்டில் அணைந்ததற்கு இதிலும் பங்கு இருந்திருக்கும். சரிசெய்தாயிற்று.

ஜூன் 11, புதன்

டியூனிங். இந்த வண்டியில் ஏர் ஸ்க்ரூ சிலைடுக்கு முன்னால், ஃபில்டர் பக்கம் இருக்கிறது. அதனால் அது காற்றை அளப்பது, உள்ளே திருகினால் பெட்ரோல் விகிதம் கூடும். இன்ஜின் பக்கம் ஸ்க்ரூ உள்ள கார்பரேட்டர்களில் நேர்மாறு. இது தெரியாமல் திருகுகிறவர்கள் மாலை வரை திருகிக்கொண்டிருக்கலாம்.

இன்ஜினைச் சூடாக்கி, ஏர் ஸ்க்ரூவை மெல்ல மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்கினேன். சத்தம் உச்சத்துக்கு வரும் இடம் வரை திருகி, ஸ்லோ ஸ்க்ரூவைக் குறைத்து, மறுபடி ஏர் ஸ்க்ரூ. இப்போது அது ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பதில் சொல்கிறது. நிமிடத்துக்கு 1,400 சுற்று இருந்தால் போதும். நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்பதால் நொடிக்குப் பன்னிரண்டு போலத்தான் வரும். சுற்றுகளைக் காட்டும் மீட்டர் இல்லாத வண்டி, காதுதான் கணக்கு.

மதியம் செங்கோட்டை தாண்டிப் புளியரை வரை போனேன். மலை வளைவில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, கிளட்சைப் பிடித்து நின்றபோதெல்லாம் சீராக நின்றது. ஆக்சிலரேட்டரை விட்டதும் சத்தம் உடனே இறங்குகிறது. இருட்டிய பின் ஹெட்லைட் போட்டால் மட்டும் கொஞ்சம் தாழ்கிறது. மேக்னட்டின் மேல் பாரம் ஏறுவதால் பழைய வண்டிகளில் அது இயல்பு. ஸ்லோ ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாக ஏற்றி வைத்திருக்கிறேன்.

மாமா நாளைக் காலை வருகிறார். டேங்கின் உள் துருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் பெட்ரோல் குழாயில் ஒரு ஃபில்டர் போட்டிருக்கிறேன். பிரேக் கட்டையும் தேய்ந்திருக்கிறது, அதை இன்னும் சொல்லவில்லை.