ஆறு என்றால் வளையமே இல்லை

எங்கள் குழுவில் நாலு பேர். நான் நுண்ணுயிரியல். ஒருவர் கால்நடை மருத்துவர், ஒரு தம்பி புள்ளியியல், ஓர் அக்கா சமூகப்பணி. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மருந்துக்கு மசியாத கிருமிகள் ஆளிடமும் ஆடு கோழியிடமும் எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பதுதான் வேலை. முதல் மூன்று மாதம் பெரும்பாலும் சண்டைதான்.

கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த வட்டத் தாள்களை மேலே வைத்து, ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் விடுவோம். மருந்து வேலை செய்தால் காலையில் தாளைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் தெரியும். அதன் குறுக்களவை மில்லிமீட்டரில் குறிப்போம். தாளே 6 மி.மீ. என்பதால், வளையம் இல்லாவிட்டால் 6 என்று எழுதுவது எங்கள் வழக்கம். தம்பிக்கு நான் அனுப்பிய பட்டியலில் 22, 19, 6, 6, 24, 6 என்று போனது. "ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வருதுக்கா, அளந்ததுல ஏதோ கோளாறு" என்று 6 எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வரைபடம் போட்டு வந்தான். பார்த்தால், எல்லா மருந்தும் பிரமாதமாக வேலை செய்கிறது! நாங்கள் தேடிப்போனதே அந்த ஆறுகளைத்தான். அவனைத் திட்டிவிட்டேன். பட்டியலில் ஒரு வரி எழுதி வைக்காதது நான்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

கால்நடை மருத்துவரோ கொலிஸ்டினுக்கும் ஒரு தாள் வைக்கச் சொன்னார். அதன் மூலக்கூறு பெரியது, தட்டில் கிருமி வளர்க்கும் அகார் கூழில் சரியாகப் பரவாது, வளையத்தை நம்ப முடியாது என்றேன். மனிதருக்குக் கடைசிக் கையிருப்பான அந்த மருந்தைப் பண்ணை விலங்குகளுக்குத் தரக்கூடாதென்று 2019-இல் தடை வந்த கதையை அவர் சொன்னார்.

மேலூர் பக்கம் ஒரு கிராமம். "கடந்த மூன்று மாதங்களில் நுண்ணுயிர் எதிர்ப்பி உட்கொண்டீர்களா?" என்று நான் தயாரித்த கேள்வித்தாள். எல்லா வீட்டிலும் இல்லை, இல்லை, இல்லை. நாலாவது வீட்டில் அக்கா தாளை மடித்து வைத்துவிட்டு, "அப்பத்தா, மீந்த மாத்திரையெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?" என்றார்.

ஆணியில் தொங்கிய மஞ்சப்பை வந்தது. மெடிக்கலில் 'ஒரு செட்' என்று கேட்டு வாங்கிய, பெயர் வெட்டுப்பட்ட துண்டுகள். நடுவே செஃபிக்ஸிம் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பி அட்டை ஒன்று. 2014-இலிருந்து சீட்டு பார்த்து, தனிப் பதிவேட்டில் நோயாளி பெயர் எழுதித்தான் அதை விற்க வேண்டும். அதில் இரண்டு மாத்திரைதான் மிச்சம்.

"ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்டுருச்சு தாயி. வீணாப் போகுதேன்னு, கழிஞ்சுக்கிட்டிருந்த குட்டிக்குப் பொடிச்சுக் கஞ்சித் தண்ணில கலக்கிக் குடுத்தேன்."

மருத்துவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் படிவத்தில் ஆட்டுக்கு இடமில்லை. அவர் படிவத்தில் மெடிக்கலுக்கு இடமில்லை.

"குட்டி பொழச்சுருச்சா, அப்பத்தா?"

"அந்தா, வேப்பமரத்தடியில கட்டிக் கெடக்கு பாருங்க."

மருத்துவர் தன் பையிலிருந்து மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். அந்த மாதிரிக் குப்பிக்கு அவர் வரிசை எண்ணா, என் வரிசை எண்ணா என்று மாட்டுத்தாவணி வரும்வரை பஸ்ஸில் வாக்குவாதம்.