காற்றில் போகும் தழைச்சத்து

நாமக்கல் பக்கத்துப் பண்ணையிலிருந்து கோழி எரு வந்து இறங்கினால் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். எனக்குக் கவலை வேறு: அந்த நெடி, நான் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து, அதாவது பயிருக்கு வேண்டிய நைட்ரஜன்.

கோழி எச்சத்தில் யூரிக் அமிலம் அதிகம். நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக உடைக்கின்றன. சூடும் காரத்தன்மையும் ஏறினால் அது பறந்துவிடும். பிடித்து நிறுத்த, நுண்ணுயிர்களுக்குக் கரிமத் தீனி, அதாவது கார்பன், வேண்டும். ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் நல்லது. கோழி எருவில் ஏறக்குறைய 10தான். அதனால் நறுக்கிய சோளத்தட்டையைத் தாராளமாகக் கலந்து, குவித்து மக்கவைக்கிறேன். அம்மோனியாவின் ஒரு பகுதி நுண்ணுயிர்களின் உடலுக்குள் புரதமாகத் தங்கிவிடும்.

குவியலில் செருகிவைத்த கடப்பாரையை உருவினால் முனையைத் தொட முடியாது. அந்தச் சூட்டில் நைட்ரேட், அதாவது பயிர் எளிதில் உறிஞ்சும் தழைச்சத்து வடிவம், அவ்வளவாக உருவாகாது. அதை உண்டாக்கும் பாக்டீரியாக்களுக்குக் குவியல் ஆற வேண்டும். ஆறியபின் வேறு தொல்லை: நைட்ரேட் மழையில் கரைந்து ஓடும். ஐப்பசிக்கு முன்பே தார்ப்பாய் போட்டுவிடுவேன். “எருவுக்கு எதற்கப்பா குடை?” என்பார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா.

மக்கிய எருவில் தழைச்சத்து பெரும்பாலும் கரிமப் பொருளோடு பிணைந்திருக்கும், மெல்லத்தான் விடும். வாழைக்கு அது போதும். கீரைப் பாத்திக்கு அந்த வேகம் பற்றாது. கடலைப் பிண்ணாக்குக் கரைசல் தனியாக ஊற்றுகிறேன்.