மூக்கில் எடுத்த சதையைக் குப்பையில் போட விடாதீர்கள்

சிவகங்கைப் பக்கம் ஊருணியிலும் கண்மாயிலும் குளித்து வளர்ந்தவர்களுக்கு ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற பெயர் தெரியாவிட்டாலும் நோயைத் தெரிந்திருக்கும். ஒரு பக்க மூக்கடைப்பு, அடிக்கடி ரத்தம், உள்ளே சிவந்த சதை. என் தம்பிக்கு வந்தது. இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் எங்களை அலையவிட்டதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

முதலில் போன கிளினிக்கில் "சாதாரண சதை வளர்ச்சிதான்" என்று பிடுங்கி எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். டெஸ்ட்டுக்கு அனுப்பலையா என்று அம்மா கேட்டதற்கு, "எதுக்கும்மா வீண் செலவு" என்று பதில். சில மாதங்களில் மறுபடி வளர்ந்து, பின்பக்கமாகத் தொண்டை வரை தொங்கியது. சதையை எடுத்தால் மட்டும் போதாது, அது முளைத்த அடியையும் மின்சூட்டால் பொசுக்க வேண்டும் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அடுத்த இடத்தில் பூஞ்சை என்று நினைத்துக் கல்ச்சர், அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை, எழுதினார்கள். காசு கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கிய ரிப்போர்ட்டில் "வளர்ச்சி இல்லை". எப்படி வளரும்? 1900இல் அர்ஜென்டினாவில் சீபர் என்பவர் விவரித்த இந்தக் கிருமி கல்ச்சர் தட்டில் வளராது. அது பூஞ்சையே அல்ல, மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் பங்காளி என்று 1999இல் மரபணு ஆய்வு காட்டிவிட்டது. இதைச் சொன்னவர் அரசு மருத்துவக் கல்லூரியில் பி.ஜி. படிக்கும் ஒரு பெண் டாக்டர். சிவந்த சதைமேல் ரவையைத் தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள் இருந்ததைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டார். சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பயாப்ஸியும் அதையே சொன்னது. காப்பீட்டு அட்டை, ஸ்கேன், அறுவை சிகிச்சை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

சிக்கல் மாத்திரையில் வந்தது. திரும்ப வராமலிருக்க டாப்சோன் கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முன், ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு டாப்சோன் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உங்களுக்கு அந்தப் பரிசோதனை செய்யவில்லையென்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சீட்டோடு ஏறி இறங்கிய கடைகளில் பாதியில் மருந்தே இல்லை. இருந்த கடையில், கூட்டத்துக்கு நடுவே, "வீட்ல யாருக்குக் குஷ்டம்?" என்றார்கள். தொழுநோய்க்கும் இதே மாத்திரைதான். "மூக்குக்குப்பா, மூக்குக்கு!" என்று அம்மா போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. அடுத்த முறை டாக்டரிடம் சொல்லிச் சீட்டிலேயே நோயின் பெயரை எழுதி வாங்கினோம். அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

ஊரில் தட்டு டம்ளரைத் தனியாக வைக்கச் சொன்னவர்களும் உண்டு. இது ஆளுக்கு ஆள் ஒட்டாது. ஆனால் எடுத்த பிறகும் திரும்ப முளைக்கும் என்பதால் மூக்கில் எண்டோஸ்கோப்பி பார்க்கத் தவறாமல் போகிறோம். போனதும் முதலில் கேட்பது பயாப்ஸி ரிப்போர்ட்டைத்தான். நகல் எடுத்து வையுங்கள்.