ஃப்ளாரன்ஸ் நாட்குறிப்பு: அளந்து பார்த்த கண்கள்

நவம்பர் 2

பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் காலை முழுவதும் இரண்டே இரண்டு வெண்கலப் பலகைகளுக்கு முன்னால் கழிந்தது. 1401இல் ஞானஸ்நான ஆலயக் கதவுக்காக நடந்த போட்டிக்கு வந்தவை. போட்டியிட்ட ஏழு பேருக்கும் ஒரே காட்சி: ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் கணம். கிபெர்ட்டி செய்ததும் புரூனெல்லெஸ்கி செய்ததும் மட்டும் இன்று மிஞ்சியிருக்கின்றன.

புரூனெல்லெஸ்கியின் பலகையில் கத்தி கழுத்துக்கே வந்துவிட்டது. தேவதூதன் பாய்ந்து வந்து தகப்பனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறான். கீழே வேலையாள் ஒருவன் இது எதுவும் தெரியாமல் காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருக்கிறான். பழைய ரோமானியச் சிலை ஒன்றில் இருக்கும் உருவம் அது. கிபெர்ட்டியிடம் தூதன் இன்னும் வானத்தில்தான் இருக்கிறான். மண்டியிட்ட ஈசாக்கின் வெற்றுடம்பில் பண்டைய சிற்பிகளின் பாடம் தெரிகிறது. என் மனது புரூனெல்லெஸ்கி பக்கம் சாய்ந்தது. ஜெயித்தவர் கிபெர்ட்டி. அவர் பெரும்பாலும் ஒரே வார்ப்பாக முடித்துவிட்டார். மற்றவரோ உருவங்களைத் தனித்தனியாக வார்த்துப் பொருத்தினார். எடையில் ஏறத்தாழ 7 கிலோ வித்தியாசம். பணம் போட்டது கலிமாலா என்ற துணி வணிகர் சங்கம். வெண்கலம் விற்ற விலைக்கு அந்த 7 கிலோ அவர்கள் கண்ணில் படாமல் இருந்திருக்காது.

நவம்பர் 3

463 படி. முழங்கால் இன்னும் வலிக்கிறது, ஆனால் இன்று பார்த்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

பேராலயத்தின் குவிமாடம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடு. நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் படிக்கட்டு ஏறுகிறது. ஓரிடத்தில் பூச்சில்லாத செங்கல் தெரிந்தது. சில கற்கள் படுக்கை, அடுத்து ஒரு கல் செங்குத்து. மேல்வரிசையில் அந்தச் செங்குத்துக் கல் சற்றுத் தள்ளி. இப்படியே மீன்முள் போலச் சுற்றிச் சுற்றி மேலே போகிறது. சாந்து இறுகும்வரை படுக்கைக் கல் உள்பக்கம் சரியாமல் செங்குத்துக் கல் பிடித்துக்கொள்ளும். ஒரு சுற்று முடிந்தால் அது தன்னைத்தானே தாங்கும். சென்ட்ரிங் போடாமல் கட்டியது இந்த உபாயத்தால்தான்.

1367இலேயே நகரத்தார் கூடிக் குவிமாடத்தின் அளவை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எண்கோணம், குறுக்கே சுமார் 45 மீட்டர். எப்படி மூடுவது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவ்வளவு அகலத்துக்கு முட்டுக்கொடுக்க மரத்துக்கு எங்கே போவது? அந்தக் கேள்வி ஐம்பது ஆண்டுக்கு மேல் விடையில்லாமல் கிடந்தது. 1420இல் வேலையைத் தொடங்கி 1436இல் குவிமாடத்தை மூடியவர் கதவுப் போட்டியில் தோற்ற அதே புரூனெல்லெஸ்கி. படித்த தொழில் பொற்கொல்லர் தொழில். கல் தூக்க அவர் செய்த எருதுப் பொறியில், எருதுகளை அவிழ்த்துத் திருப்பிப் பூட்டாமலே சுமையை ஏற்றவும் இறக்கவும் முடியும். பல்சக்கரத்தை மாற்றினால் போதும்.

நவம்பர் 4

1966இல் இதே நாளில் ஆர்னோ நதி நகருக்குள் புகுந்தது. சாண்டா குரோச்சே ஆலயத்தில் சிமாபூவே வரைந்த சிலுவை, தன் வண்ணத்தில் பாதிக்கும் மேல் இழந்தது. கிபெர்ட்டி 27 ஆண்டு உழைத்து 1452இல் முடித்த இரண்டாவது கதவிலிருந்து, பத்துப் பலகைகளில் ஐந்தை வெள்ளம் பெயர்த்துவிட்டது. அசல் பலகைகள் இப்போது பேராலய அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குள். வெயிலிலும் மழையிலும் நிற்பது நகல்.

நவம்பர் 6

இந்த ஊருக்கு நான் வந்ததே இந்தச் சுவருக்காக. சாண்டா மரியா நோவெல்லா ஆலயம், மசாச்சோ என்ற ஓவியரின் ‘திரித்துவம்’ சுவரோவியம், 1420களின் நடுவில் வரைந்தது. தட்டைச் சுவரில் உருளை விதானம் கொண்ட ஒரு மண்டபம் உள்ளே போகிறது. கையை நீட்டினால் நுழையும் போல இருக்கிறது. மேரி தன் மகனைக் காட்டுகிறாள், பார்வை நம்மேல். காணிக்கை கொடுத்த தம்பதி மண்டபத்துக்கு வெளியே, நம் பக்கம், முழு ஆள் அளவில் மண்டியிட்டிருக்கிறார்கள்.

விதானத்தின் கோடுகள் எல்லாம் கீழே வந்து சிலுவையின் அடியில், ஏறக்குறைய நம் கண் மட்டத்தில் சேர்கின்றன. ஈரச் சாந்தில் நூல் பிடித்துக் கோடு அழுத்திய தடம் இன்றும் சுவரில் இருக்கிறது. கொத்தனார் வேலை அது. நின்றபடி முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்தேன். ஓரிடத்தில் மண்டபம் சட்டென்று திறந்துகொள்கிறது. படம் எனக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது! அரசனுக்கும் குருவுக்கும் தனியாக அல்ல, அங்கே வந்து நிற்கும் எவருக்கும். மேற்கத்திய ஓவியத்தில் இதைவிடப் பெரிய எண்ணம் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

இதற்கு வழி காட்டியவரும் புரூனெல்லெஸ்கிதான். பேராலய வாசலிலிருந்து தெரியும் ஞானஸ்நான ஆலயத்தைச் சிறு பலகையில் வரைந்து, நடுவில் துளையிட்டார். பலகையின் பின்னாலிருந்து துளை வழியே பார்க்க வேண்டும்; எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியம் தெரியும். வானம் இருக்க வேண்டிய இடத்தில் மெருகேற்றிய வெள்ளி, அதில் நிஜ மேகம் நகரும். அந்தப் பலகை இன்று இல்லை.

மசாச்சோவின் மண்டபத்துக்குக் கீழே எலும்புக்கூடு ஒன்று, அதற்குமேல் எழுத்து: நீங்கள் இன்று இருப்பதுபோல் நானும் இருந்தேன், நான் இருப்பதுபோல் நீங்களும் ஆவீர்கள். மசாச்சோ 27 வயதாவதற்குள் இறந்துபோனார். 1570 வாக்கில் வசாரி என்ற ஓவியரும் கட்டடக் கலைஞருமானவர் இந்த ஓவியத்தின்முன் ஒரு பீடம் எழுப்பி மறைத்துவிட்டார். மூன்று நூற்றாண்டு கண்ணில் படாமல் இருந்த ஓவியம் இது.

நவம்பர் 7

மழை. அறையிலேயே இருந்தேன்.

நேற்றைய சுவருக்குப் பின்னால் இருக்கும் அறிவு எங்கிருந்து வந்தது? பண்டைய கிரீஸ், ரோம் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைத்தமையும் சொல்லியாக வேண்டும். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி கண்ணுக்குள் வருகிறது என்று 11ஆம் நூற்றாண்டிலேயே வடிவியலோடு விளக்கியவர். 1200 வாக்கில் அவர் நூல் லத்தீனுக்கு வந்தது. கிபெர்ட்டி தன் குறிப்புகளில் அதிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து எழுதியிருக்கிறார்.

எண்களும் அப்படித்தான். பீசா நகரத்து பிபோனாச்சி வட ஆப்பிரிக்காவில் கற்றுவந்து 1202இல் எழுதிய நூல், ‘இந்தியர்களின் ஒன்பது உருக்கள்’ என்று தொடங்குகிறது. 1299இல் ஃப்ளாரன்ஸ் நாணய மாற்றுவோர் சங்கம் கணக்கேடுகளில் அவற்றுக்குத் தடை போட்டது. தடை நிற்கவில்லை. வணிகர் வீட்டுப் பிள்ளைகள் கணக்குப் பள்ளிகளில் அந்த எண்களோடு, மூன்று தெரிந்தால் நான்காவதைக் கண்டுபிடிக்கும் விதியையும் படித்தார்கள். நம் ஆரியபட்டர் 499இல் திரைராசிகம் என்று எழுதியது அதுதான். தூரம் இரட்டித்தால் படத்தில் உயரம் பாதி என்பதும் விகிதக் கணக்குதானே? துணி அளந்து பழகிய கண்களுக்கு மசாச்சோவின் மண்டபம் புரிந்திருக்கும்.

நவம்பர் 9

இன்னொசெந்தி, கைவிடப்பட்ட குழந்தைகளின் காப்பகம். பட்டு வணிகர் சங்கத்துக்காக 1419இல் புரூனெல்லெஸ்கி தொடங்கிய கட்டடம். தூணின் உயரம், தூண்களுக்கு இடையே உள்ள அகலம், தாழ்வாரத்தின் ஆழம், மூன்றும் ஒரே அளவு. வளைவுகளுக்கு இடையே நீலப் பின்னணியில் துணி சுற்றிய குழந்தைகள், ஆந்திரேயா தெல்லா ரோபியா செய்த சுடுமண் வட்டங்கள்.

முதல் குழந்தை வந்தது 1445 பிப்ரவரி 5, ஒரு பெண் குழந்தை. நமக்கு அது தெரிவதற்குக் காரணம் இங்கே வைத்திருந்த பேரேடுகள். வணிகன் சரக்கு வரவை எழுதும் அதே ஒழுங்கில் ஒவ்வொரு குழந்தைக்கும் பதிவு: வந்த நாள், என்ன துணி சுற்றியிருந்தது, கூடவே என்ன வைத்திருந்தார்கள், எந்தச் செவிலித்தாயிடம் பாலுக்குக் கொடுத்தார்கள், அவளுக்கு எவ்வளவு கூலி கொடுத்தார்கள்.