ஒரு முத்திரைக்காக மூன்று முறை மலையிறங்கினோம்

வன உரிமைச் சட்டம், 2006-இன்கீழ் எங்கள் ஊருக்கான சமூக உரிமைச் சான்று, அதாவது காட்டு விளைபொருளை ஊரே சேர்ந்து எடுத்து விற்கும் உரிமைக்கான சான்று, சென்ற மாதம்தான் கைக்கு வந்தது. குழு அமைத்தது, வரைபடம் வரைந்தது, கள ஆய்வு எல்லாம் பெரிய தொல்லையின்றி முடிந்தன. பாடாய்ப் படுத்தியது கிராம சபையின் தீர்மானப் புத்தகம்தான்.

முதல் தவறு எங்களுடையது. வயது வந்தோரில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும், தேன் பருவத்தில் கிராம சபையைக் கூட்டினோம். வயது வந்தோர் 94 பேர் உள்ள ஊரில் 41 கையெழுத்துகளே விழுந்தன. அதை எண்ணிப் பார்க்காமல் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போய்த் திரும்பியதில், போன நால்வருக்கும் ஒரு நாள் கூலி போயிற்று.

அடுத்த முறை 63 கையெழுத்துகளோடு போனோம். எழுத்தர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஊராட்சியின் கிராம சபைத் தீர்மானம் வேண்டும், பழைய ஆவணம் வேண்டும், புலிகள் காப்பகத்துக்குள் இந்த உரிமையே கிடையாது என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றுமே பிழை. குக்கிராமத்துக்கும் தனிச் சபை உண்டு. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலையில், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே, சோளகர் பழங்குடியினர் 2011-இல் சமூக உரிமை பெற்றிருக்கிறார்கள். உரிமை கோராத மூத்தோர் வாக்குமூலத்தையும் இடுகாடு போன்ற அடையாளங்களையும் இச்சட்டத்துக்கான விதிகளில் விதி 13 சான்றாக ஏற்கிறது. ஆகவே பக்கத்து ஊர்ப் பாட்டி ஒருவரை அழைத்து வந்தோம். எங்கள் இடுகாட்டுக் கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, எது யாருக்கு நட்டது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கைநாட்டு வாங்கினோம்.

மூன்றாம் முறை, "திருப்புவதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள், ஐயா" என்று மட்டும் கேட்டோம். குறை இருந்தால்கூடக் காரணம் காட்டிக் கிராம சபைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பேசாமல் மனுவை வாங்கி முத்திரை குத்தினார். போகிறவர்கள் இதை முதல் நாளே கேளுங்கள், தேதியிட்ட ஒப்புகை இல்லாமல் படியிறங்காதீர்கள்.

ஏலம் எடுத்த ஒப்பந்ததாரர் வைத்ததுதான் இதுவரை கடுக்காய்க்கு விலை. போன வாரம் எங்கள் குழுவே விலை பேசி, மூட்டைகளுக்குப் போக்குவரத்துச் சீட்டும் எழுதியது. சோதனைச் சாவடியில் இருந்தவர் வனத்துறை முத்திரையைத் தேடிச் சீட்டை இரு முறை புரட்டிவிட்டு உரிமைச் சான்றைக் கேட்டார். அது ஊரில் பெட்டிக்குள் இருந்தது. எடுத்து வரும்வரை வண்டி நான்கு மணி நேரம் நின்றது. நகல் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.