முதலில் படுக்கை நனையாமல் இருக்கட்டும்

தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவர், நான்குவழிச் சாலையில் பைக்கோடு தூக்கி வீசப்பட்டவர். மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் தண்டுவடம் அடிபட்டுக் கிடக்கும் இளவட்டங்களைக் கேட்டால் பெரும்பாலும் இப்படி ஒன்றைத்தான் சொல்வார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சொந்தபந்தம் பழமும் ஹார்லிக்ஸுமாகக் கட்டிலைச் சுற்றி நின்று, "மனசத் தளர விட்றாதப்பா" என்று சொல்லிவிட்டுப் போகும். கட்டிலில் கிடப்பவனுக்கு அந்த நேரத்தில் இருக்கும் கவலை வேறு. இவர்கள் கிளம்புவதற்குள் கீழே நனைந்துவிடுமோ, வாடை வந்துவிடுமோ என்பதுதான்.

மறுவாழ்வு ஆலோசனை அந்தக் கவலையிலிருந்து தொடங்க வேண்டும். படுக்கை காய்ந்திருந்தால்தான் காதில் பேச்சு ஏறும்.

சிறுநீரை எடுத்துக்கொள்வோம். நிரந்தரமாக டியூப் மாட்டிப் பை தொங்கவிடுவது வீட்டாருக்கு லேசு. ஆனால் மாதக்கணக்கில் அப்படியே விட்டால் கிருமித் தொற்றும் கல்லும் வரும். கை நன்றாக வேலை செய்கிறவர், டாக்டர் சரி என்றால், 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தானே டியூப் போட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டு, டியூப்பை உருவிவிடலாம். ஒரு தடவைக்கு 400, 500 மில்லிக்கு மேல் சேரக் கூடாது. அளவுக் குவளையில் பிடித்து, ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதினால் தன் உடம்பின் கணக்கு தனக்கே பிடிபட்டுவிடும். இங்கே நடக்கும் பெரிய தப்பு, நனைந்துவிடும் என்று பயந்து தண்ணீரைக் குறைப்பது. சித்திரை வெயிலில் ஒரு லிட்டரோடு நிறுத்திக்கொண்டால் சிறுநீர் கலங்கி, நாற்றமெடுத்து, குளிர்காய்ச்சலில் கொண்டுபோய் விடும். நாளுக்கு 2 லிட்டரை நேரம் பிரித்துக் குடித்து, இரவு 8 மணிக்குப் பிறகு குறைத்துக்கொண்டால் போதும். மலத்துக்கும் நேரம்தான் மருந்து: தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், சாப்பிட்டு அரைமணி நேரத்தில், ஒரே வேளையில் உட்காரப் பழக்க வேண்டும்.

படுக்கைப் புண்ணைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். உணர்வில்லாத இடத்தில் ரத்த ஓட்டம் நின்றால் உடம்பு எச்சரிக்காது. படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் பாரத்தை எடுக்க வேண்டும். காலையும் இரவும் கைக்கண்ணாடி வைத்து வால் எலும்பு, உட்காரும் எலும்பு, குதிகால் மூன்றையும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா? வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. சிவப்பு மறையும்வரை அந்தப் பக்கம் பாரமே கூடாது. சூட்டுக்காயம் இன்னொரு எதிரி. காபி நிறைந்த எவர்சில்வர் டம்ளரைத் தொடை இடுக்கில் வைப்பது, வெயிலில் காய்ந்த சிமெண்டுத் திண்ணையில் உட்காருவது, நரம்பு திரும்பட்டும் என்று சூடாக எண்ணெய் ஒத்தடம் கொடுப்பது எல்லாமே கொப்புளத்தில் போய் முடியும்.

அடுத்து, எல்லோரும் தயங்கும் கேள்வி: "நான் எப்பண்ணே எந்திரிச்சு நடப்பேன்?" ஆசனவாயைச் சுற்றித் தொட்டால் தெரிகிறதா, விரல் வைத்தால் இறுக்க முடிகிறதா என்று டாக்டர் பார்த்திருப்பார். இரண்டும் இல்லை என்றால் தண்டுவடம் முழுமையாக அடிபட்டிருக்கிறது என்று பொருள். முதல் சில வாரங்களில் யாரும் அடித்துச் சொல்ல முடியாது; அப்போது "இப்பத் தெரியாது" என்பதே நேர்மையான பதில். ஒரு வருடம் கழிந்தும் மாற்றமே இல்லையென்றால், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? கால் தானாகத் துள்ளுவதைப் பார்த்து உசுரு வந்துருச்சு என்று நம்பி, இருக்கிற காட்டையும் விற்று வைத்தியம் தேடி அலைவார்கள். அந்தத் துள்ளல் தசை இறுக்கம்தான். வழக்கத்தைவிட அது திடீரென்று கூடினால், சிறுநீர்த் தொற்றோ புண்ணோ இருக்கிறதா என்று தேட வேண்டும்.

1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூரில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். தென்காசி பக்கத்து ஆய்க்குடியில் 1981-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணனும் கழுத்தில் அடிபட்டவர்தான். பெரிய வாழ்க்கைகள். ஆனால் முதல் மாதத்தில் இதைச் சொன்னால் கேட்பவன் இன்னும் சுருண்டுபோவான். அவனுக்குத் தேவை, அடிபட்டு ஐந்து வருடமான பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுவது என்று செய்து காட்டுவது. தாம்பத்தியம் பற்றிய கேள்வியும் அப்படிப்பட்டவரிடம்தான், அம்மாவும் மனைவியும் வெளியே போன பிறகுதான் வாய்விட்டு வரும். சாகலாம்போல இருக்கிறதா என்று நேராகக் கேட்டுவிடுவதும் அவசியம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். இரவிலும் பேச 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது.

வீட்டார் செய்ய வேண்டியது ஒன்று: முடிவுகளைத் திருப்பிக் கொடுப்பது. எந்தச் சட்டை, எத்தனை மணிக்குக் குளியல், வந்தவர்களை உள்ளே விடலாமா என்று அவனிடம்தான் கேட்க வேண்டும். டாக்டரும் அவனைப் பார்த்துப் பேசட்டும். அப்பாவைப் பார்த்து அல்ல.

நாற்காலி வாங்குமுன் கக்கூஸ் கதவை அளந்துவிடுங்கள். 18 அங்குல இருக்கை உள்ள சாதாரண வீல்சேர் மொத்தத்தில் 25, 26 அங்குலம் வரும். கதவோ பல வீடுகளில் இரண்டேகால் அடிதான், நிலையும் கதவின் கனமும் போக இன்னும் குறையும். கதவைக் கழற்றித் திரை போட்டாலே ஒன்றரை அங்குலம் கிடைக்கும். சாய்தளத்துக்கு ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் கணக்கு. வாசலில் மூன்று படி, 18 அங்குலம் என்றால் 18 அடி வேண்டும். மாசி வீதிச் சந்துகளில் அதற்கு இடம் ஏது? திண்ணையோரமாகத் திருப்பி, நடுவில் 5 அடி சமதளம் விட்டு இரண்டாக மடக்கலாம். செங்குத்தாகப் போட்டால் நாற்காலி பின்பக்கமாகக் கவிழும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு உடனே விண்ணப்பித்துவிடுங்கள். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அதுதான் அடிப்படை. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

முதல் வெளிப் பயணம் தெருமுனை டீக்கடையாக இருக்கட்டும். காலை 7 மணிக்கு டியூப் போட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டுக் கிளம்பினால் 11 வரை கவலையில்லை. பையில் ஒரு டியூப், கையுறை, ஜெல், மாற்று லுங்கி, துடைக்கத் துணி, ஒரு பிளாஸ்டிக் கவர்.